கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள்

ஜூன் 2

மைக்கு,

“இதுல நான் எங்கேக்கா இருக்கேன்?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டாய். நினைவிருக்கும். நான் எழுதிய கதையின் கடைசித் தாளைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாய். நாம் இருவரும் அந்த ஒற்றை வாடகை அறையில் வாழ்ந்த கதை அது. கதையை நாலாகக் கிழித்தேன். “கிழிச்சதைப் பெருக்கறதுக்கா நான் இங்க இருக்கேன்?” என்றாய். அடுத்த மாதமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு பகல் பயண தூரத்திலுள்ள ரயில் நிலையத்துக்குப் போய்விட்டாய். நாலு வருடமாகிறது.

இப்போது மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதே கதைதான். பள்ளிக்கூடம் என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு காலை வேளையில் எனக்கு வேறு வேலை இல்லை. மேசையைத் துடைக்கிறேன். பேனாவைத் திறக்கிறேன். ஒரு வரி எழுதுகிறேன். உடனே தலைக்குள் ஒலிபெருக்கி கரகரக்கிறது.

“வாசகர்களின் கனிவான கவனத்திற்கு. ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதும் கதை, காலவரையின்றித் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

உன் குரல். ரயில் வருவதையும் போவதையும் நீ அறிவிக்கும் அதே குரல். மூச்சு வாங்குகிற இடம்கூட மாறவில்லை. இரண்டாவது வரி எழுதினால், “இந்த வரி ஏற்கெனவே பலமுறை வந்துபோன வண்டி” என்கிறாய். மூன்றாவது வரிக்கு, “டீச்சருக்கு யாரோ கைதட்டப் போகிறார்கள் என்று நினைப்பு” என்கிறாய். பிறகு நான் எழுந்து போய்த் துணி துவைக்கிறேன். போன மாதம் துவைத்த மாதிரி நம் வீட்டுத் திரைச்சீலைகள் என்றைக்கும் வெளுத்ததில்லை.

சிரிக்காதே. இதை யாரிடம் போய் முறையிடுவது? உன்னிடம்தான். கொஞ்ச நாளைக்கு நிறுத்திக்கொள்.

தொலைபேசியில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. அதனால் கடிதம்.

அக்கா

•

ஜூன் 11

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மேசையில் வைத்துவிட்டு நாலு நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகுதான் பிரித்தேன்.

நான் தாமதப்படுத்தாத வண்டிகளுக்கெல்லாம் தினமும் மன்னிப்புக் கேட்பது என் உத்தியோகம். சம்பளம் தருகிறார்கள், கேட்கிறேன். நீ எழுதாத கதைக்கும் உன் தலைக்குள் உட்கார்ந்து நான் மன்னிப்புக் கேட்கிறேனாம். அதை நிறுத்தச் சொல்லி எனக்கே மனு வேறு. இதற்கு யார் எனக்குச் சம்பளம் தருவது?

நான் சொல்லாததை என் குரலில் சொல்லவைக்காதே. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மோசம் என்றேனா? பழைய வண்டி என்றேனா? அந்தக் கதையில் ஒரு தங்கை வந்தாள். விடிந்ததும் எழுந்தாள், பாடம் படித்தாள், கொடுத்ததைச் சாப்பிட்டாள், அக்கா பேச்சைத் தட்டவே மாட்டாள். படித்துக்கொண்டே போனேன். யாருடைய தங்கையோ என்று இருந்தது. அதனால் கேட்டேன்.

நீ பதிலே சொல்லாமல் கிழித்தாய். நான் பெட்டியைக் கட்டினேன். உன் கதையில் இடம் இல்லாதவளுக்கு உன் வீட்டில் மட்டும் எதற்கு இடம் என்று அன்றைக்குத் தோன்றியது.

மைக்கு என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உன் கதையில் ஒரு வரியாவது இருந்ததா?

தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. நாள் முழுக்கப் பேசிவிட்டு அறைக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிப்பதில்லை. எழுதுவதானால் எழுது.

தங்கை

•

ஜூன் 20

அன்புள்ள தங்கைக்கு,

“எழுதுவதானால் எழுது” என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினேன்.

நீ கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் நான் முயன்று பார்த்ததைச் சொல்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு உதாரணம் இல்லாமல் பேச வராது.

பள்ளியில் இன்ஸ்பெக்டர் வருவார். புதிதாக வந்த ஆசிரியர்கள் அவரைப் பார்த்ததும் சாக்பீஸைக் கீழே போடுவார்கள். நான் என்ன செய்வேன் என்றால், கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு, “உட்காருங்க சார்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்வேன். வெளியே போகச் சொல்ல முடியாது. ஆனால் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்கவும் விடமாட்டேன். அந்த மாதிரி உன் குரலுக்கும் ஒரு நாற்காலி போட்டேன். நிஜமாகவே போட்டேன், ஜன்னல் ஓரமாக, நீ உட்காருகிற பிரம்பு நாற்காலி. அரைப் பக்கம் வந்தது. அதற்குமேல் வரவில்லை.

இன்னொன்று. கட்டுரை வகுப்பில் பிள்ளைகள் ஒரு சொல் எழுதுவார்கள், இரண்டு சொல் அழிப்பார்கள். மணி அடிக்கும்போது தாளில் ஓட்டைதான் இருக்கும். அதனால் தொடங்கும்போதே எல்லோருடைய ரப்பரையும் வாங்கி ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவேன். “எழுதி முடிச்சிட்டு வாங்கிக்கோங்க. இப்ப தப்பு பண்ணுங்க, தாராளமா.” முதலில் முணுமுணுப்பார்கள், அப்புறம் பேய் மாதிரி எழுதுவார்கள். ஒருத்தி மட்டும் எச்சில் தொட்டு அழிப்பாள். நானும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது. பேனாவுக்கு ரப்பர் கிடையாது. ஆனால் கிழிக்கக் கை இருக்கிறதே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். முந்தாநாள் காலை எழுத உட்கார்ந்தேன், குரல் வரவில்லை. நல்ல வேளை என்று நினைத்து ஒரு பக்கம் எழுதினேன். பிறகு நிமிர்ந்தேன். குழாய் சொட்டுகிற சத்தம். மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். அவ்வளவுதான். வீடு வெறிச்சென்று இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? “என்ன, இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டியா?” என்று அந்தப் பிரம்பு நாற்காலியைப் பார்த்துக் கேட்டேன்.

நான் நிறுத்தச் சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திட்டுகிற குரலானாலும் வீட்டில் உன் குரல் அது ஒன்றுதான் மிச்சம்.

அக்கா

•

ஜூலை 3

அக்கா,

பிரம்பு நாற்காலியில் ஒரு கால் ஆடும். சரிசெய்தாயா? இல்லையென்றால் அதில் யாரையும் உட்காரவைக்காதே, இன்ஸ்பெக்டரைக்கூட.

உன் கடிதத்தை வேலை நேரத்தில் படித்தேன். அதுதான் தப்பு. படித்து முடித்ததும் ஒரு வண்டியை அறிவிக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நடைமேடைக்கு வந்த வண்டியை ஐந்தாம் நடைமேடை என்று சொல்லிவிட்டேன். ஜனங்கள் பெட்டியும் பிள்ளையுமாகப் படியேறி ஓடினார்கள். இத்தனை வருட சர்வீஸில் இதுதான் முதல் தடவை. நிலைய அதிகாரி வந்து, “என்னம்மா, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?” என்றார். “ஆமா சார், அக்கா கதை எழுதறாங்க” என்றேன். ஒன்றும் புரியாமல் போய்விட்டார்.

நீ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லட்டுமா? சென்ற வருடம் என்னை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து என் குரலைப் பதிவு செய்தார்கள். முழு வாக்கியம் கிடையாது. எண்கள் தனியாக, ஊர்ப் பெயர்கள் தனியாக, “தாமதமாக” தனியாக, “வருந்துகிறோம்” தனியாக. இப்போது நான் இல்லாத நேரங்களில் இயந்திரமே அவற்றை எடுத்து ஒட்டிப் பேசிக்கொள்கிறது. விடுமுறை நாளில் நான் நடைமேடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பேன். தலைக்கு மேலே என் குரல், என்னையே தள்ளி நிற்கச் சொல்லும். எனக்குத் தொண்டை கட்டியிருக்கும், அதற்குக் கட்டாது. எனக்கு நரைத்திருக்கிறது, அதற்கு நரைக்காது.

உன் தலைக்குள் பேசுவதும் அதுதான் அக்கா. நாலு வருடத்துக்கு முன்னால் பதிவானது. என் கேள்வியிலிருந்து ஒரு சொல், வேறு யாரோ எப்போதோ சொன்னதிலிருந்து ஒரு சொல், எல்லாவற்றையும் நீயே ஒட்டி, என் குரலில் ஓடவிட்டிருக்கிறாய். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் உன் கூட இருக்கிற மாதிரி ஆகிவிடுமா? நான் இங்கே அல்லவா இருக்கிறேன், ஒற்றைக் கட்டிலும் ஒற்றைத் தட்டுமாக?

முதல் நாள் அறிவிப்பு அறையின் கண்ணாடித் தடுப்புக்குள் மைக் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆயிரம் பேர் கேட்கப்போகிறார்கள் என்ற நினைப்பு. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பெண்மணி சொன்னார்: “ஆயிரம் பேரையும் விடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாரு. ஒரே ஒரு ஆளைப் பிடி. அந்த ஆள் வண்டியைத் தவறவிடக் கூடாது. அவ்வளவுதான் உன் வேலை.” பார்த்தேன். கையில் பூனைக் கூடையுடன் ஒரு பெண் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றாள். அவளுக்காகப் பேசினேன். இன்றுவரைக்கும் யாராவது ஒருவருக்காகத்தான் பேசுகிறேன்.

நீ யாருக்கு எழுதுகிறாய்? கைதட்டுகிறவர்களுக்கா, கிண்டலடிக்கிறவர்களுக்கா? இரண்டு பேருமே உன் கண்ணாடிக்கு வெளியே இல்லை.

ஒரு செய்தி. இந்த மாதம் முப்பதாம் தேதியோடு இங்கே ஆள் வைத்து அறிவிப்பது கிடையாது. இயந்திரம் மட்டும்தான். எனக்கு வடக்கே இன்னும் தூரத்தில் பார்சல் அலுவலகத்தில் ஒரு நாற்காலி தருகிறார்களாம். வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாமாம். அதற்குள் சொல்ல வேண்டும்.

தெரியட்டும் என்று எழுதினேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தங்கை

•

ஜூலை 12

மைக்கு,

நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லவில்லை. கதைதான் எழுதினேன். பிரம்பு நாற்காலியைத் தச்சரிடம் அனுப்பிவிட்டேன். அறையில் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு ஆள் நிற்பதாக வைத்துக்கொண்டு எழுதினேன். கீழே இருப்பது அதுதான். திரும்பப் படிக்கவில்லை. படித்தால் அனுப்ப மாட்டேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது ரயில் நிலையத்தின் பின்சுவரை ஒட்டிய ஒரு வாடகை அறை. எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. தங்கைக்கு ஒன்பது வயது. அவள் பாடம் படிக்க மாட்டாள். விடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டாள். கொடுத்ததைச் சாப்பிடாமல் கொடுக்காததைக் கேட்பாள். ஜன்னல் வழியாக நாள் முழுக்க ரயில் அறிவிப்புகள் வரும். அவற்றை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்வாள்.

முதல் நாள் வகுப்பில் என் குரல் எழும்பவில்லை. பின்வரிசை மாணவன் ஒருவன், “டீச்சர், வால்யூம் கூட்டுங்க” என்றான். வகுப்பே சிரித்தது. நான் பாடத்தை மறந்தேன். தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் அறைக்கு வந்தேன். கதவுக்குப் பின்னால் துண்டு தொங்கியது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். நாளைக்குப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். போகாவிட்டால் இரண்டு பேருக்கும் சாப்பாடு இல்லை என்று தெரிந்தும் முடிவு செய்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். தங்கை தகரப் பெட்டியின் மேல் ஏறி நின்றிருந்தாள். நாள்காட்டித் தாளைக் குழல் மாதிரி சுருட்டி வாயில் வைத்திருந்தாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. டீச்சர் கதவுக்குப் பின்னால் அழுதுகொண்டிருக்கிறார். டீச்சர் இன்னும் பத்து நிமிடத்தில் அழுகையிலிருந்து புறப்பட்டு, அடுப்பு நோக்கிச் செல்வார். வழியில் எங்கும் நிற்காது.”

“வாயை மூடுடி” என்றேன்.

“சிரமத்திற்கு வருந்துகிறோம். டீச்சருக்கு மூக்கு ஒழுகுகிறது.”

“அடி வாங்கப் போற.”

“அடி, முதலாம் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டுக்குள்ளேயே சிரித்தேன். அவள் பெட்டியிலிருந்து குதித்து வந்து, அந்தக் குழலை என் கையில் கொடுத்தாள். “நீ பேசுக்கா. சத்தம் போதலைன்னா நான் சொல்றேன்” என்று மூலையில் போய் உட்கார்ந்தாள். மறுநாளைக்கான பாடத்தை அந்தக் குழல் வழியாக அவளுக்கு நடத்தினேன். “கேக்கல, கேக்கல” என்று கத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் “இப்ப கேக்குது” என்றாள். அன்றிலிருந்து அவள் பெயர் மைக்கு.

மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

இவ்வளவுதான் எழுதினேன். முதலில் எழுதியதில் தங்கை ஏன் இல்லை என்பது எழுதும்போதுதான் தெரிந்தது. அவள் உள்ளே வந்தால் நான் அழுததையும் சொல்லிவிடுவாள்.

அக்கா

•

ஜூலை 21

அக்கா,

இருக்கேன்.

இந்த ஒரு சொல்லோடு கடிதத்தை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. ஓய்வறையில் உட்கார்ந்து படித்தேன். டிக்கெட் கவுன்டர் பெண் வந்து, “என்னக்கா, யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டாள். “இல்லடி, கிடைச்சிட்டாங்க” என்றேன்.

ஒரு திருத்தம். நான் சுருட்டியது நாள்காட்டித் தாள் இல்லை, உன் நியமன உத்தரவு. மறுநாள் அதைப் பார்த்து நீ என்னை அறை முழுக்கத் துரத்தினாயே! அந்த உத்தரவு இன்னும் பீரோவில் சுருண்டுதான் கிடக்கும், எடுத்துப் பார். அதையும் கதையில் சேர்த்துவிடு. என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

இப்போது என் பங்குக்கு ஒரு புகார். கடைசி நாளன்று, என் கடைசி அறிவிப்பு முடிந்ததும், சொந்தமாக ஒரு வரி பேசச் சொல்லி நிலைய அதிகாரி கேட்டிருக்கிறார். “உங்க இஷ்டம்மா, எதுவானாலும் சொல்லுங்க.” இத்தனை வருடம் அந்த மைக்கில் என் வாக்கியம் ஒன்றைக்கூட நான் பேசியதில்லை. எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். உடனே தலைக்குள் உன் குரல். “தொண்டையைச் செருமாதே. நேரா நில்லு. இதையா இவ்வளவு நேரம் யோசிச்ச?” நாலு தாளைக் கசக்கிவிட்டேன். நான் உனக்குப் பாடம் சொன்னேனே, எனக்கே பலிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் எல்லோரும் வண்டி ஏறிப் போகிறவர்களாக இருக்கிறார்கள். எனக்காக நிற்கிற ஆள் ஒருவரும் தென்படவில்லை.

பார்சல் அலுவலகத்துக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை. முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கிறது.

கதையை இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பக்கத்தின் பின்புறத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மைக்கு

•

ஜூலை 25

அன்புள்ள மைக்கு,

பீரோவைத் திறந்தேன். சுருண்டுதான் இருக்கிறது. மேசையில் விரித்து நாலு மூலைக்கும் புத்தகம் வைத்தேன். புத்தகத்தை எடுத்ததும் மறுபடி சுருண்டுகொண்டது. கதையில் சேர்த்துவிட்டேன்.

தச்சர் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். “யாருக்கும்மா இது, நீங்க உக்காரவே மாட்டேங்கறீங்க?” என்றார். “என் தங்கைக்கு” என்றேன். “எப்ப வர்றாங்க?” என்று கேட்டார். இத்தனை தாள் எழுதினேன், இன்ஸ்பெக்டர், ரப்பர் டப்பா என்று உதாரணமாக அடுக்கினேன். அந்தக் கேள்விக்கு வேண்டிய ஒரு சொல்லை மட்டும் எழுதவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அதை எழுதப் போய், “இவ்வளவு நாள் கழிச்சா? எந்த முகத்தோட?” என்று ஒரு குரல் கேட்டு, பேனாவை மூடினேன். அது உன் குரல் இல்லை என்று இப்போது தெரிகிறது. என் குரல்தான், உன்னுடையதை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

அதே மாதிரி, “நேரா நில்லு” என்று உன்னிடம் சொல்வதும் நான் இல்லை. என்றைக்கோ பதிவானது. நான் இங்கே வாசல் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கையில் அது கிறீச்சிடும்போது நீ முகம் சுளிப்பாய் என்று.

உனக்காக நிற்கிற ஆள் ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். முப்பதாம் தேதி காலை வண்டியில் அங்கே வந்து இறங்குகிறேன். பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பேன். மூக்கு ஒழுகினால் அறிவித்துவிடாதே.

கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் நான் எழுதியிருக்க வேண்டிய வரி இது: வீட்டுக்கு வா.

அடித்தல் இல்லாமல் வந்துவிட்டது, பார். இனி உன் முறை. ரப்பரை டப்பாவில் போட்டு மூடு. ஒரே ஒரு ஆளை நினைத்துக்கொள். அந்த ஆளிடம் நீ சொல்லாமல் வைத்திருக்கிற ஒரு வரியை எழுது. எழுதியதைப் படித்துப் பார்க்காமல் தாளைக் கவிழ்த்து வை.

அக்கா